கைசரின் இரண்டு காதுகள்

எங்கள் ஊரில் ஒருவருக்காகவே, அவர் உயிரோடு இருக்கும்போதே, எடுக்கப்பட்ட முதல் புகைப்படம் எங்கள் வீட்டு நாயுடையது. நான் இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கருங்கல் என்கிற ஊரின் சந்தையைத் தாண்டி எங்கள் பக்கம் படக்காரர் வந்தால் அது சாவுக்கு மட்டும்தான். இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, தலைமாட்டை உயர்த்தி, பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க ஒரு படம் எடுப்பார்கள். சுற்றி நின்றவர்களும் படத்தில் விழுந்தார்கள்தான். ஆனால் அவர்களுக்காக அந்தப் படம் எடுக்கப்படவில்லை. தங்களுக்கென்று ஒரு படம் வேண்டுமானால் அவர்களும் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் படம் எடுப்பதெல்லாம் நாகர்கோவிலில் பெரிய வீட்டுக்காரர்கள் செய்கிற காரியம் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே எங்கள் ஊரில் சாகாமலேயே படமாகும் பாக்கியம் ஒரு நாய்க்குத்தான் முதலில் கிடைத்தது. அந்தப் படம் நன்றாக வந்ததற்குக் காரணம் நான்.

நாயின் பெயர் கைசர். பெரிய யுத்தத்தில் தோற்றுப்போன ராஜாவின் பட்டம் அது என்று அப்பா சொல்வார். தோற்றவனின் பெயரை நாய்க்கு வைப்பதில் வென்றவர்களுக்கு ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் ஆரம்பித்து வைத்தார்கள், பிறகு எங்கள் பக்கத்தில் பாதி நாய்களுக்கு அதுவே பெயராயிற்று. எங்கள் கைசரைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அவர் பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். வாரம் முழுதும் அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அப்படி ஒரு சனிக்கிழமை சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த குட்டிதான் அது. துரை வீட்டு வேட்டை நாய்க்கும் ஏதோ ஒரு நாட்டு நாய்க்கும் பிறந்தது. உடம்பு முழுக்க நல்ல கறுப்பு. கண்ணுக்கு மேலே மட்டும் இரண்டு தவிட்டு நிறப் பொட்டு. வலது காது எப்போதும் விறைத்து நிற்கும், இடது காது ஒடிந்து தொங்கும். துரை வீட்டு ரத்தம் வலது காதோடு நின்றுவிட்டது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

இரண்டு காதும் சேர்ந்து நிமிர்வது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். சித்தப்பா வேலை முடிந்து வரும்போது குளத்தங்கரை வளைவில் நின்று சீட்டி அடிப்பார். முதலில் நீளமாக ஒன்று, பிறகு கேள்வி கேட்பது போல மேலே ஏறுகிற ஒன்று. அதைக் கேட்டதும் கைசரின் இடது காதுக்கு எங்கிருந்தோ எலும்பு முளைத்துவிடும். அடுத்த கணம் அது வேலியைத் தாண்டியிருக்கும். அந்த நேரங்களில் சித்தி பெரும்பாலும் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவள் முகத்தில் அப்படி என்ன அழுக்குப் படிகிறது என்று நான் யோசித்ததுண்டு.

சித்தி மயிலாடிக்காரி. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதிகம் பேசமாட்டாள். அவள் சித்தப்பாவோடு பேசி நான் பார்த்ததேயில்லை. அப்பாவும் அம்மாவும் நானும் இருக்கிற வீட்டில், புருஷனோடு எல்லார் முன்னாலும் பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. சித்தப்பா இல்லாத நாட்களில் அவளுடைய பாதி நேரத்தைக் கைசர் எடுத்துக்கொண்டது. அவள் அரைக்கும்போது அம்மிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்.

சித்தப்பாவின் சீட்டியை நான் யாரிடமும் கேட்காமல், வீட்டுக்குப் பின்னால் பனைவிளையில், பனைமரத் தோப்புக்குள், தனியாக நின்று பழகினேன். உதட்டை எப்படிக் குவிப்பது என்பது பல நாள் பிடிபடவில்லை. காற்றுதான் வந்தது. பிறகு ஒருநாள் திடீரென்று வந்துவிட்டது. அச்சு அசல். கைசர் எங்கிருந்தோ முள்வேலியைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்து, என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று தேடியது. அதைத் தொடர்ந்து அம்மாவும் வந்தாள்.

"ஏட்டி, சீட்டி அடிக்க நீ என்ன மாடு மேய்க்கவா போற?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தாள். அதோடு என் வித்தை முடிந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சித்தப்பாவுக்கு இருமல் தொடங்கியது. தோட்டத்துக் குளிர் என்றார்கள். பிறகு இருமலில் ரத்தம் கண்டது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு அவரை ரயிலேற்றி, வடக்கே வெகுதூரத்தில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு நெஞ்சுநோய் ஆசுபத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். எப்போது திரும்புவார் என்று கேட்டால், சீக்கிரம் என்பார். கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்று அந்தக் குரலிலேயே தெரியும். கைசர் சாப்பாட்டை விட்டது. அப்பா கொடுத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கருவாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தேன். பிரயோசனமில்லை. கடைசியில் சித்தி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்து சோற்றை உருட்டி நீட்டினாள். சாப்பிட்டது. அதற்குப் பிறகு வேறு யாருக்கும் அது அடங்கவில்லை.

சபை வேலையாக வடக்கே போன எங்கள் வேதக்கோயில் உபதேசியார் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டே செய்தி சொன்னார். ரத்தம் வருவது நின்றிருக்கிறது. எடை இன்னும் ஏறவில்லை. கட்டிலை வராந்தாவில் போட்டு வெளிக்காற்றிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டான்," என்றார் உபதேசியார். "கைசருக்க படம் ஒண்ணு கிடைச்சா கொள்ளாம்னு சொன்னான்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நாய்க்கா?"

"நாய்க்குத்தான். நானும் ரெண்டு மட்டம் கேட்டேன். இன்னொண்ணும் சொன்னான். அதைச் சும்மா கொண்டு நிறுத்தினா நிக்காது, பிடிக்கப்பட்ட ஆளு பக்கத்துல இருந்து பிடிச்சாத்தான் நிக்கும்னு."

நாய்க்குப் பிரியமான ஆளை அதன் பக்கத்தில் உட்காரவைப்பது மிகவும் புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்குப் பட்டது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த சித்தி சத்தமில்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மா அவள் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சித்தப்பாமேல் வருத்தம்தான். நானும் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறேன். என் படத்தை அவர் கேட்கவில்லை.

அப்பாவுக்கு வேறு சங்கடம். அவர் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், சபைக் கமிட்டியிலும் இருந்தவர். தம்பி ஆசுபத்திரியில் கிடக்கும்போது நாய்க்குப் படமெடுத்தார் என்று ஊர் பேசும். ஆனால் தம்பி கேட்டுவிட்டான். ஆகவே தக்கலையில் இருந்த படக்காரருக்கு ஆள்விட்டுச் சொல்லும்போது, ஒரு படம் எடுக்கவேண்டும், உடனே வரவும் என்று மட்டும் சொல்லியனுப்பினார். எதைப் படமெடுக்க என்று சொல்லக் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்தினால் வந்த வினையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

குறித்த நாளில் காலையிலேயே வெயில் நன்றாக இருந்தது. அம்மா கைசரைக் குளிப்பாட்டச் சொன்னாள். சித்தி கிணற்றடியில் அதைத் தேய்த்துக் கழுவி, துவட்டி, உள்ளங்கையில் துளி தேங்காயெண்ணெய் தொட்டு முடியில் தடவிக்கொண்டிருந்தாள். கறுப்பு பளபளத்தது. சித்தி அன்றைக்கு நீலக்கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். கோயிலுக்கும் போகாமல் நாய் கழுவ எதற்கு நல்ல சேலை என்று கேட்டேன். பழையது நனைந்துவிட்டது என்றாள்.

அப்போது முன்வாசல் பக்கத்திலிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். படக்காரர் மாட்டுவண்டியில் தன் படப்பெட்டியையும் முக்காலியையும் கறுப்புத் துணியையும் ஏற்றிக்கொண்டு வந்து, கருங்கல் சந்தையில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். கேட்டது போதும். வண்டி எங்கள் விளையை அடைவதற்கு முன் செய்தி அடைந்துவிட்டது. சித்தப்பா போய்விட்டார், ரயிலில் உடலைக் கொண்டுவருகிறார்கள், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அப்பா படத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார் என்று முழுக்கதையும் தயாராகிவிட்டது. பக்கத்து விளையில் குடியிருந்த பெரியம்மை வாசலில் வந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "எம் பொன்னு மக்கா, எங்களை விட்டுட்டுப் போயிட்டியா," என்று ஆரம்பித்தாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் கையில் பாட்டுப் புத்தகம்கூட இருந்தது.

கிணற்றடியில் சித்தி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைசரின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அழவில்லை.  நான் என்ன செய்வதென்று தெரியாமல் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றேன்.

அம்மா பின்கட்டு வழியாக ஓடி வந்தாள். அம்மா ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சித்தியின் முன்னால் குந்தி, அவள் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்ல. கேட்டியா? ஒண்ணுமில்ல. படக்காரரைப் பாத்துட்டு அழுகாவ. அவன் சொகமா இருக்கான்."

சித்தி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகுதான் சித்தி அழுதாள். அழுதுகொண்டே கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். நாய் இரண்டு பேர் முகத்தையும் நக்கியது.

முன்வாசலில் அப்பா கூட்டத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். எதை மறைக்க நினைத்தாரோ அதை ஊரே கூடியிருக்கும்போது சொல்லவேண்டி வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருத்தரும் சாவல்ல. நாயைப் படம் எடுக்கப் போறோம்," என்றார்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "நாய் எப்பம் செத்துது?"

வண்டியிலிருந்து இறங்கிய படக்காரர் இன்னும் அதிகமாகக் குழம்பிப்போனார். ஒல்லியான மனிதர், கறுப்புக் கோட்டு, சிரித்துப் பழக்கமில்லாத முகம். தக்கலைக்காரர் ஆனதால் பேச்சில் பாதி மலையாளம். "பட்டியையா? நாயையா?" என்று கேட்டார். "எனக்கு அனங்காத, அசையாத ஆளுகளை எடுத்துத்தான் பழக்கம், முதலாளி. இது அனங்குமே."

ஆனால் வந்தாயிற்று. அழ வந்தவர்களும் போகவில்லை. தலையில் போட்ட துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முற்றத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல இடமாகப் பார்த்து முன்னால் உட்கார்ந்தாள்.

கறுப்பு நாயைப் படமெடுப்பது லேசான வேலையல்ல. நிழலில் நிறுத்தினால் நிழலும் நாயும் ஒன்றாகிவிடும். ஆகவே வெயில் விழுகிற பக்கமாக, வெள்ளையடித்த சுவருக்கு முன்னால், கைசரை ஒரு மரப்பலகைமேல் நிறுத்தி அப்பா கழுத்துக் கயிற்றைப் பிடித்தார். படக்காரர் முக்காலியை விரித்துப் பெட்டியை ஏற்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். ஒரு மனிதனின் தலை காணாமல் போவதைக் கைசர் அதுவரை பார்த்ததில்லை. குரைத்துக்கொண்டு பின்வாங்கி, அப்பாவின் வேட்டியில் சுற்றிக்கொண்டது. அதற்குள் அவர் பெட்டிக் கண்ணின் மூடியைத் திறந்து மூடிவிட்டார். பெட்டிக்குள் இருந்த கண்ணாடித் தகட்டில் விழுந்தது அப்பாவின் முழங்காலும், ஒரு வாலும், அந்த வாலின் ஆவி போல இன்னொரு வாலும் என்று பிறகு சொன்னார்.

அடுத்த தகடும் வீண்தான். அவர் பெட்டியை மனிதர் உயரத்திலேயே வைத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கைசரின் முதுகும் மண்டையும்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். கைசர் கைசராகத் தெரிந்தது. கண்ணும் பொட்டும் மார்பும் எல்லாம். படுத்தபடியே அதைப் படக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு முக்காலியின் கால்களை அகலமாக விரித்து, பெட்டியை நாயின் கண் மட்டத்துக்கு இறக்கி, கோட்டோடு மண்ணில் முழங்காலிட்டார். இன்றைக்கும் யாராவது நாயையோ பூனையையோ நின்றபடி படமெடுப்பதைப் பார்த்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். குனியச் சொல்வேன்.

ஆனால் கைசர் நிற்க வேண்டுமே. அப்பா பிடித்தால் அப்பாவிடமிருந்து விலகியது. நான் பிடித்தால் என்னோடு விளையாடியது. வெயில் ஏற ஏற நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தது. இனி ஒரே தகடுதான் இருக்கிறது என்றார் படக்காரர்.

அம்மா உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் போட்டாள். சித்தியைப் பார்த்து, "நீ வந்து இரி," என்றாள்.

சித்தி தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். "நாயைத்தானே கேட்டாவ அக்கா."

"பிடிக்கப்பட்ட ஆளு பிடிக்கணும்னும் சொல்லிவிட்டிருக்கான். உனக்கும் கேட்டுதுல்லா."

கூட்டத்தில் பெண்கள் யாரோ சிரித்தார்கள். அப்பா திடீரென்று தென்னை மரத்தில் காய் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். சித்தி மெதுவாக வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைசர் யாரும் சொல்லாமலே போய் அவள் முழங்காலில் விலாவைச் சாய்த்து உட்கார்ந்தது. வாய் மூடியது. இளைப்பு நின்றது. சிலை கொத்துகிற மயிலாடியில் பிறந்தவள் அல்லவா, சித்தி அசையாமல் இருந்தாள். நாயும் அசையவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாயின் படத்தில் பாதியைச் சித்தி அடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. அழுது ஓய்ந்திருந்த சித்தி தலையைக் குனிந்தே இருந்தாள். அவள் குனிந்தால் கைசரும் குனிந்தது. படக்காரர் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, "ரெண்டு பேரும் தரையைப் பாத்தா நான் என்ன செய்யட்டும்?" என்றார். பெரியம்மை கைதட்டினாள். பையன்கள் பூனை மாதிரி கத்தினார்கள். கைசரின் வலது காது மட்டும் லேசாகத் திரும்பியது.

என்ன செய்யவேண்டும் என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவ்வளவு பேர் இருக்கிறார்கள், கமிட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், உபதேசியாரும் வந்துவிட்டிருந்தார். அம்மா ஒரு கணம்தான் யோசித்தாள்.

"அடி," என்றாள்.

நான் படக்காரருக்குப் பின்னால், குளத்தங்கரை இருக்கிற திசையில் போய் நின்றேன். வாய் காய்ந்திருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு அடித்தேன். முதலில் நீளமாக ஒன்று, பிறகு மேலே ஏறுகிற ஒன்று. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சுத்தமாகச் சீட்டி அடித்ததில்லை.

கைசரின் இரண்டு காதும் நிமிர்ந்தன. இடது காது வலதைவிட ஒரு விரற்கடை உயரமாகவே நின்றது. கண் விரிந்தது, மார்பு முன்னால் வந்தது. சித்தியும் தலையை நிமிர்த்திவிட்டாள். பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று படக்காரர் அத்தனை தடவை சொல்லியிருந்தும், அவள் பெட்டிக்கு மேலே, என்னையும் தாண்டி, குளத்தங்கரைப் பக்கம் பார்த்தாள். வாய்கூடக் கொஞ்சம் திறந்திருந்தது. நாய்க்குத் தெரிந்த ஒழுங்கு இவளுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.  படக்காரர் மூடியை எடுத்து, மனதுக்குள் எண்ணி, மூடினார்.

அவ்வளவுதான். கைசர் பாய்ந்து வேலியைத் தாண்டிக் குளத்தங்கரைக்கு ஓடியது. அதைப் பிடித்துவரச் சித்தி பின்னால் போனாள். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றி முடித்து, படக்காரர் என் தலையில் கைவைத்து, "கொள்ளாம் மோளே," என்று சொல்லிவிட்டுப் போனபிறகும், அவளும் நாயும் குளத்தங்கரை வளைவில் நிற்பது எங்கள் முற்றத்திலிருந்து தெரிந்தது.

படத்தைப் படக்காரர் யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. தானே வண்டியேறி எடுத்துக்கொண்டு வந்தார். தடித்த அட்டையில் ஒட்டி, மெல்லிய தாள் போட்டு மூடியிருந்தார். முன்னறையில் அப்பா தாளை நீக்கியதும் எல்லாரும் குனிந்து பார்த்தோம். கைசரின் முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. காது இரண்டும் வேல் மாதிரி நின்றன. கூப்பிட்டால் வந்துவிடும் போலிருந்தது.

"இத்தனை வருசத்துல நான் எடுத்ததுல உயிருள்ள படம் இதுதான்," என்றார் படக்காரர். அதை என்னைப் பார்த்துச் சொன்னார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். பிறகு தயங்கித் தயங்கி, இதில் இன்னொரு பிரதி போட்டுத் தக்கலையில் தன் கடைமுகப்பில் மாட்டிக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா முடியாது என்றார். வீட்டுப் பெண் இருக்கிற படத்தைத் தெருவில் மாட்ட எப்படிச் சம்மதிப்பார்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைசர் மட்டும் தனியாக இருந்திருந்தால் தக்கலை முழுக்கப் பார்த்திருக்கும். எல்லாம் சித்தியால் வந்தது என்று அன்றைக்கு முழுதும் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. படத்தை ஒருதடவைதான் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று மூடி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

உபதேசியார் மறுபடி வடக்கே போகும்வரை படம் எங்கள் வீட்டில் இருந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. கைசரின் இடது காது நிமிரும் என்பதை நம்பாதவர்கள் எல்லாம் வந்து பார்த்து நம்பினார்கள். நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். கேட்டவர்களுக்கு மட்டுமல்லாமல் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அதன்பிறகு ஊரில் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. ஒருவர் தன் உழவு மாட்டைப் படமெடுத்தார். பெரியம்மை, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னையே எடுக்கச் சொன்னாள். படக்காரரின் வண்டியைக் கண்டு அழுகிற வழக்கம் எங்கள் ஊரில் அதோடு நின்றுபோயிற்று. ஒருதடவை படக்காரர், பக்கத்து ஊர் ஐயர் வீட்டில் வளர்த்த கிளியைப் படமெடுக்கப் போகும் வழியில், "அந்தச் சீட்டிக்காரி எங்க?" என்று என்னைத் தேடி வந்தார். சபைப் போதகர்களைத்தான் நாங்கள் ஐயர் என்போம். போதகர் வீட்டுக் காரியம் என்பதால் அம்மாவால் மறுக்க முடியவில்லை. வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனேன். கிளி என் சீட்டிக்கு மசியவில்லை. ஆனால் வண்டியில் போனதை ஊர் பார்த்தது.

சித்தப்பா பிழைத்தார். அடுத்த மழைக்காலமும் கழிந்து, பங்குனி வெயிலில் ஒருநாள் பகலில், அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கன்னம் நிரம்பியிருந்தது. சீட்டி அடிக்க அவசியமே இருக்கவில்லை. கைசர் சாலைக்கே ஓடிப்போய் அவரைக் கிட்டத்தட்டக் கீழே தள்ளிவிட்டது. அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. எல்லாரும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். சித்தி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

எனக்கு மட்டும் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. அவர் குளித்துச் சாப்பிட்டு, முன்னறையில் பாயில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படம் எப்படி என்று கேட்டேன். சீட்டி அடித்தது நான் என்றும் சொன்னேன்.

"நல்ல படம் மக்களே," என்றார். "கட்டிலுக்கு நேரா மாட்டியிருந்தேன். காலம்பற கண்ணு முழிச்சதும் அதுலதான் முழிப்பேன்."

"ரெண்டு காதும் நிக்குது பாத்தியளா?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வது போல இருந்தது.

"காதா?" என்றார். "ஆமா. அதுல கைசரும் உண்டுல்லா."

நான் எழுந்து வந்துவிட்டேன். அத்தனை பாடுபட்டு, முற்றத்தில் ஊரே கூடியிருக்க, கடைசித் தகட்டில் இரண்டு காதையும் நிமிர்த்திக் காட்டியிருக்கிறேன். ஒரு வருஷத்துக்குமேல் கட்டிலுக்கு எதிரிலேயே மாட்டி வைத்திருந்தவருக்கு அது தெரியவில்லை. நேராக அம்மாவிடம் போய், ஆசுபத்திரி மருந்தினால் சித்தப்பாவுக்குக் கண் மங்கிப்போயிருக்கிறது, நல்ல வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள், பிறகு அதையே கண்ணுக்கும் கொண்டுபோனாள்.

"இதை உன் சித்திகிட்டயும் போய்ச் சொல்லு," என்றாள்.

அடுக்களைக்குப் போனேன். சித்தி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேட்டதைக் கேட்டபடியே, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊத ஆரம்பித்தாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. எரிகிற அடுப்பை எதற்காக ஊதுகிறாய் என்று கேட்டேன். அவள் இன்னும் கொஞ்சம் ஊதினாள்.